வரைபடத்தில் இல்லாத இரைச்சல்

கனகலிங்கத்தின் கொப்பியில் பதினொரு கோடுகள் இருந்தன. றேடியோவில் பன்னிரண்டு இரைச்சல்கள் கேட்டன.

முதலில் தன் கணக்கைத்தான் அவர் சந்தேகித்தார். கார் பற்றறியின் பன்னிரண்டு வோல்ட்டை இருநூற்று முப்பதாக உயர்த்தும் பெட்டியை அவரே செய்திருந்தார். அதற்குள் இருந்த திரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை வினாடிக்கு லட்சம் தடவை வெட்டிவிடும். அந்த வெட்டு காற்றில் கசிந்து, பக்கத்திலுள்ள றேடியோவில் 600, 700, 800 கிலோஹேர்ட்ஸ் என்று 1600 வரை நூறு நூறாகச் சீறும். எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கீறிய வரைபடம்தான் கொப்பியில் இருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை செய்தவருக்கு அந்தக் கணக்கு பிழைத்ததில்லை. பிஸ்கற் தகரத்தால் பெட்டியை மூடினார். பதினொன்றும் தணிந்தன. 1040இல் இருந்த பன்னிரண்டாவது தணியவில்லை.

இன்னொரு வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி ஓடுகிறதோ? ஆனால் சண்டிலிப்பாயில் இப்போது வீடுகள்தான் இருந்தன, ஆட்கள் இல்லை. மூன்று நாளுக்கு முன், ஐப்பசி மழைக்குள், சண்டை நெருங்கி வருகிறது, எல்லாரும் வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கி கத்தியபோது முழு ஊரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கடைசியாகப் போன பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்று கேட்டார்.

"அண்ணை, அக்காவைக் கரியரிலை இருத்திக் கொண்டு வாங்கோவன்."

"ஏலாது தம்பி. மெஷின் இல்லாமல் அவ கால் மணித்தியாலம் தாங்கமாட்டா. பற்றறியையும் அவவையும் சேர்த்து எப்பிடித் தூக்கிறது? நீ போ."

மனைவி குணலட்சுமிக்கு ஈழை, மூச்சிழுப்பு. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய இயந்திரம் மருந்தைப் புகையாக்கி, ரப்பர்க் குழாய் வழியாக அவள் முகத்திலிருந்த பிளாஸ்டிக் மூடிக்குள் அனுப்பும். மின்சாரம் இல்லாத ஊரில் அதை ஓட்டத்தான் அந்தப் பெட்டி.

மத்தியானம். எறிகணைக்குப் பயந்து யன்னல்களைச் சாத்தியிருந்ததால், ஈரச் சுவரின் பூஞ்சண வாசமும் மருந்தின் கசப்பும் பற்றறி அமிலத்தின் புளிப்பும் அறைக்குள் அடைந்து கிடந்தன. கூரை ஓட்டில் மழை ஒரே சீராகப் பெய்தது. அவர் முள்ளை 1040இல் வைத்துக் காதைக் கொடுத்தார். குணலட்சுமி மூச்சை இழுக்கும்போது இயந்திரம் சற்றுத் திணறும். மற்றப் பதினொரு இரைச்சலும் அதோடு தாழ்ந்து எழும். பன்னிரண்டாவதும் தாழ்ந்து எழுந்தது. ஆனால் அவளோடு அல்ல. நீண்டு, பாதியில் இறுகி, பிறகு மெல்ல விட்டது.

அவர் பெட்டியை நிறுத்தினார்.

பதினொன்றும் அறுந்தன. 1040 மட்டும் தாழ்ந்தது. எழுந்தது.

"இஞ்சருங்கோ," மூடியை விலக்கிவிட்டுக் குணலட்சுமி சொன்னாள். "வெளியிலை ஆரோ மூச்சு இழுக்கிறது கேக்குது."

"ஒருத்தரும் இல்லை. நீர் கதையாதையும்."

"எனக்குத் தெரியாதே அந்தச் சத்தம்? பாவம், மூச்சு விடேலாமல் நிக்கினம்."

பெட்டியை மறுபடி ஓட விட்டார். றேடியோவின் உள்ளே இருக்கும் காந்தக் கோலின் முனை, சத்தம் வருகிற திசையைப் பார்த்து நின்றால் சத்தம் மங்கிப்போகும். மேசையில் வைத்து றேடியோவை மெதுவாகத் திருப்பி, மங்கிய திசையைக் கொப்பியில் கீறினார். கூடத்துக்குப் போய் அங்கிருந்தும் கீறினார். இரண்டு கோடுகளும் கிணற்றடியில் வெட்டின. யன்னல் நீக்கலால் பார்த்தார். மழை. கிணற்றுத் துலா. ஆளில்லாத கிணற்றுக் கட்டு.

சுன்னாகப் பக்கம் எறிகணை ஒன்று விழுந்து தரை நடுங்கியது. மறுபடி இரண்டு இடத்திலும் வைத்து அளந்தார். கோடுகள் இப்போது அடுப்பு எரியாத குசினியின் வாசலில் வெட்டின. போய்ப் பார்த்தார். கதவின் கொண்டி போட்டபடியே இருந்தது. அதை இழுத்துப் பார்த்தார். இவளைத் தூக்கிக்கொண்டு முன் வாசலால் ஓடினால்? ஒழுங்கை முடியும் வரைக்கும் அவளுக்கு மூச்சு இருக்காது. விட்டுவிட்டு ஓடினால்? அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கப்பட்டார்.

மூன்றாவது தடவை.

கோடுகள் கூடத்தில் வெட்டின. அவர் சற்று முன் நின்று அளந்த அதே இடத்தில்.

அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினார். அலுமாரியை இழுத்து அதற்கு அண்டை கொடுத்தார். றேடியோவைத் தூக்கினார். இனி இரண்டு கோடுகள் வேண்டியிருக்கவில்லை. கதவுப் பக்கம் முனையை நீட்டினார். சத்தம் மங்கவில்லை. சுவர்ப் பக்கம். மங்கவில்லை. கட்டிலின் பக்கம் திருப்பினார்.

மங்கியது.

"குணம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மெத்தை, ஆள் இருந்தது போலக் குழிந்திருந்தது.

"இவ்வளவு தூரம் வந்திருக்கினம்," என்றாள். "கொஞ்சம் குடுப்பம்."

"கழட்டாதையும்! குணம்! கழட்டாதையும்!"

அவள் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் நீட்டினாள். அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். கை வெறுமையாக இருந்தது.

அவளுடைய உதடு நீலம் பாரித்தது. நெஞ்சு ஒருமுறை எழுந்தது. பிறகு எழவில்லை. கட்டிலின் மறுகரையில், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் முக உயரத்தில், ரப்பர்க் குழாயின் நுனியில் அந்த மூடி தானாக நின்றது. உள்ளே வெண்புகை நிறைந்தது. வடிந்தது. மறுபடி நிறைந்தது.