சாக்குக்கு மெழுகு

வளையநகரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது சுலபம். வாசலில் நிறுத்தி முதுகில் ஒரு தள்ளு தள்ளினால் போதும். தெருவெங்கும் வழுக்குமெழுகு பூசியிருந்ததால், பிள்ளை நின்ற வாக்கிலேயே இரண்டு கிலோமீட்டர் சறுக்கிப் போய் ஆசிரியையின் கையில் விழும். பெரியவர்களுக்குக் காந்தச்செருப்பு உண்டு. விண்வெளியில் சுழன்ற அந்த ஊரில் முழங்கால் சிராய்த்த குழந்தை என்று ஒன்று இருந்ததே இல்லை.

பிடிக்கிற ஆசிரியை செண்பகவல்லி. தினமும் நாற்பது பிள்ளைகள், பத்தொன்பது வருஷமாக. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலிக்கும். இந்த லட்சணத்தில் புது உத்தரவு வேறு வந்தது: ஊர் பழசாகிவிட்டது, அடுத்த மாதம் எல்லாரும் பூமியில் குடியேற வேண்டும், அதற்குள் பிள்ளைகள் உராய்வைப் படித்து நடக்கப் பழக வேண்டும்.

வெல்லத்தைக் காட்டாமல் இனிப்பை எப்படிச் சொல்வது? பூமியிலிருந்து சாமான் கட்டி வந்த கோணிச்சாக்கு ஒன்று அவள் பெட்டியடியில் கிடந்தது. அதை வகுப்பில் விரித்துத் தரையோடு ஒட்டினாள்.

"சறுக்கி வந்து இதுமேல நில்லுங்க பார்ப்போம்."

முதலில் வந்தவள் ஆறு வயது இயலினி. சாக்கில் பட்டதும் கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. குப்புற விழுந்தாள். முழங்காலில் ரத்தம். செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. பெண்ணோ நிமிர்ந்து சிரித்தாள்.

"டீச்சர், தரை என்னைப் பிடிச்சுக்கிச்சு!"

இத்தனை வருஷத்தில் செண்பகவல்லி கேட்ட ஒரே சரியான பதில் அதுதான். அன்று மாலைக்குள் நாற்பது பேரும் சாக்கின்மேல் தட்டுத்தடுமாறி நாலடி நடந்துவிட்டார்கள்.

மறுநாள் இயலினியின் அம்மா குந்தவி வந்து நின்றாள். "என் பொண்ணு காலைப் பாருங்க. இந்தச் சாக்குக்கு யாருங்க பொறுப்பு?"

தலைமையாசிரியர் பாண்டுரங்கன் நல்லவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "பாடத்தை நிறுத்த வேணாம் டீச்சர். சாக்குமேல மட்டும் கொஞ்சம் மெழுகு பூசிடுங்க" என்றார்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பூசினாள். பிள்ளைகள் சாக்கின்மேல் அழகாகச் சறுக்கிக்கொண்டே, 'உராய்வு என்பது இயக்கத்தைத் தடுக்கும் விசை' என்று மனப்பாடம் செய்தார்கள். தேர்வில் நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு.

குறித்த நாளில் விண்கலம் பூமியில் இறங்கிக் கதவு திறந்தது. வெளியே செம்மண். கையில் சான்றிதழோடு நாற்பது பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. பழக்கதோஷம், குந்தவி மகளின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

அதே முழங்கால். இயலினி எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் ஓரடி வைத்தாள். இன்னோரடி வைத்தாள்.

"டீச்சர், இங்கேயும் பிடிச்சுக்குது!"

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவளும் இறங்கினாள். அதற்குள் குந்தவி அங்கிருந்த அதிகாரியைப் பிடித்துவிட்டாள்.

"இந்தப் பூமிக்கு யாருங்க பொறுப்பு?"

அதிகாரியும் நல்லவர்தான். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை கிலோமீட்டருக்கு மெழுகு பூசணும்மா?"