முனீஸ் சேமித்து வைத்தது

சேமித்ததைவிட ஒரு விண்டோ கூடுதலாகத் திரும்பி வந்திருந்தது.

பூங்குழலி மானிட்டரை உற்றுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனியன் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆறிப்போன எண்ணெய் வாடையும், ஈரம் காயாத சாயத்துணியின் புளித்த வாடையும் கீழேயிருந்து படியேறி, கதவிடுக்கு வழியாக இந்த டிசைன் ரூமுக்குள் நுழைந்து, ஏசிக் குளிரில் வெளியேற மனமில்லாததுபோல் தங்கியிருந்தன.

லீவு நாளில் ஜெனரேட்டர் கிடையாது. கரண்ட் போனால் யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அணைந்துவிடும். அதற்காகத்தான், அவளுக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்த முனீஸ் ஒரு வழி செய்து வைத்திருந்தான். கறுப்புத் திரையில் ‘சேவ்’ என்று அடித்து ஒரு பெயர் கொடுத்தால், திறந்திருக்கும் விண்டோ ஒவ்வொன்றும் எங்கே, எந்த அளவில் என்று பதிவாகிவிடும். கரண்ட் வந்ததும் ‘ரீஸ்டோர்’, அதே பெயர். எல்லாம் போட்டது போட்டபடி வந்து உட்காரும். சேமித்தபோது இல்லாத விண்டோ ஏதாவது இருந்தால், ‘மூடவா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்; ‘ஒய்’ தட்டினால் மூடும், ‘என்’ தட்டினால் விட்டுவிடும்.

“பேரு போடாம மட்டும் ரீஸ்டோர் குடுத்துறாதீக,” என்று உசிலம்பட்டிப் பேச்சில் சிரிப்பான், அப்போது பக்கத்து மேஜையில் இருந்த அவளிடம். “பேரில்லாம சேவ் ஆனது எதுவோ, அதத் தூக்கிட்டு வந்துரும்.”

போன மாதம் ஒரு விடியற்காலையில் அவன் இந்த நாற்காலியில்தான் செத்தான். ஷிப்மென்ட் அவசரம் என்று, தங்கியிருந்த ரூமுக்கே விடாமல் வேலை வாங்கியிருந்தார்கள். கீபோர்டில் தலை கவிழ்ந்து கிடந்தவனைக் கம்பெனி வேனில் கொண்டுபோய் ரூமில் பாயில் கிடத்திவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள். மறுநாளே அவளை இங்கே மாற்றி உட்கார வைத்தார்கள். புது லாகின்கூடப் போடவில்லை. தினமும் அவன் பெயரில்தான் உள்ளே போகிறாள்.

கூடுதல் விண்டோ, அறை மூலையில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராவினுடையது. அதில் இதே அறை. இதே நாற்காலி.

நாற்காலியில் யாரும் இல்லை.

அவள் கையை அசைத்துப் பார்த்தாள். படத்தில் ஒன்றும் அசையவில்லை. பழைய படமாக இருக்கும். மூடினாள்.

போன் அடித்தது. மேனேஜர் சிவசுப்பிரமணியம்.

“ஏம்மா, மார்க்கர் ஆச்சா?”

துணி வீணாகாமல் முன், பின், கைத் துண்டுகளை நெருக்கி அடுக்கும் வரைபடம். அது போகாமல் நாளை கட்டிங் இல்லை.

“கொஞ்சம் இருக்குதுங்க சார். கரண்ட் போயிப் போயி வருதுங்க.”

“முனீஸா இருந்தா இந்நேரம் முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பான். முடியலைன்னா சொல்லிரு கண்ணு, வேலை கேட்டு கேட்டுல ஆள் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்.”

செத்தவனோடு போட்டி. இந்த வேலை போனால் தங்கச்சி சித்ரகலாவைக் காலேஜிலிருந்து நிறுத்தி பவர்டேபிளில் பனியன் தைக்க உட்கார வைப்பேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

‘சேவ்’ அடித்துப் பெயர் கொடுத்தாள். கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்தி ஓய்ந்தது. ஏசி நின்றது. ஜன்னலே இல்லாத அறையின் இருட்டில், அவள் கைகள் மடியில் இருக்க, கீபோர்டில் ஒரு பட்டன் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு தட்டு.

கரண்ட் வந்தது. அவசரமாக ‘ரீஸ்டோர்’ அடித்து என்டர் தட்டினாள். தட்டிய பிறகுதான் உறைத்தது. பெயர் போடவில்லை.

விண்டோக்கள் வந்தன. போன மாத ஷிப்மென்ட், அவன் செத்த விடியற்காலையில் திறந்திருந்தபடியே. நடுவில், பெரிதாக, கேமரா. நாற்காலியில் ஓர் ஆள் கீபோர்டில் தலை கவிழ்ந்து கிடந்தான்.

அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. கால்குலேட்டர். அன்று இல்லை. மூடவா? அவள் தொடவில்லை. ‘ஒய்’ பட்டன் தானாக அமுங்கியது. அவளுடைய மார்க்கர். மூடவா? பாய்ந்து ‘என்’னைத் தட்டுவதற்குள் அதுவும் போய்விட்டது.

கைப்பை. மூடவா?

அது விண்டோ இல்லையே. திரும்பிப் பார்த்தாள். மேஜை காலியாக இருந்தது.

செருப்பு. பாதத்தில் தரை ஜில்லென்று பட்டது.

மேனேஜருக்குப் போன் போட்டாள். “சார்... பூங்குழலிங்க...”

“பூங்குழலியா? லீவன்னைக்கு உன்னை யாரு வரச் சொன்னது? முனீஸ் உள்ளதான இருக்கறான். அவங்கிட்டக் குடு கண்ணு.”

போன். மூடவா?

கை வெறுமையானது. எழப் பார்த்தாள். கால் அசையவில்லை.

பூங்குழலி. அன்று இல்லை. மூடவா?

‘என்’னை அழுத்தினாள். முழு பலத்தோடு அழுத்தினாள். பட்டன் இறங்கவில்லை. அவள் விரலுக்குக் கனமே இல்லை.

படத்தில் அவன் தலையைத் தூக்கினான். கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பட்டன்களின் தடம். கண் திறக்கவில்லை. நகம் நீலம் பாரித்த விரல் மட்டும் நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது.

அவள் கைக்குக் கீழே, ‘ஒய்’ மெல்ல இறங்கத் தொடங்கியது.