பச்சைக் கோட்டும் மிதிபட்ட ரொட்டியும்

நான் என்ன ஏதென்று கேட்பதற்குள் துர்சுனாய், அம்மா கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கடைவாசல் பனியில் வீசிவிட்டாள். ரொட்டிக்காக நின்றிருந்த பெண்கள் அம்மாவின் உடம்பு தங்கள் மேல் படாதபடி ஒதுங்கினார்கள்.

“இனிமே என் கடைப்படி ஏறாத, பெர்மெட். ரொட்டிய மிதிக்கிறத விடப் பெரிய பாவம் உண்டா? மிதிச்ச கால் இங்க வரக் கூடாது.”

“நான் எப்பக்கா மிதிச்சேன்?”

“நேத்து சாயங்காலம். கரண்ட் இல்லைன்னா எனக்குக் கண்ணு தெரியாதா? மூஞ்சிய முக்காட்டால மூடிக்கிட்ட, சரி. இந்தப் பச்சைக் கோட்ட எப்படி மூடுவ? கசான்லேருந்து புருஷன் அனுப்பினதுன்னு ஊரெல்லாம் காட்டினவதான நீ?”

அம்மா குனிந்து கோட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கதகதப்பான கோட்டு அது ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் தொங்கும். வெளியே போகிறவர்கள் எடுத்து மாட்டிக்கொள்வோம். நேற்றுச் சாயங்காலம் மாட்டிக்கொண்டு போனது என் அத்தை கனிகேய்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பூசணம் பூத்த ரொட்டியக் கையில திணிச்சா, அண்ணி... கோவத்துல வீசிட்டேன். இருட்டுல திரும்புறப்ப மிதிச்சுட்டேன். சனிக்கிழமை மாப்பிள்ளையோட அம்மா எனக்குக் கம்மல் போட்டு நிச்சயம் பண்ண வர்றாங்க. அவங்க துர்சுனாயோட கூடப்பிறந்த அக்கா. தெரிஞ்சா வாசலோட திரும்பிடுவாங்க.”

“அழாத. எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. என்னை இனிமே யாரு வேண்டாம்னு சொல்லப்போறா?” என்றாள் அம்மா.

சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டிலேயே சுட்டுப் பிய்த்து வைத்த ரொட்டியைத் தாத்தா தொடவில்லை. அவர் காதுக்கு விஷயம் வந்துவிட்டிருந்தது.

“மருமகளே, இந்தச் சாப்பாட்டு விரிப்புல இனிமே நீ ரொட்டி வைக்காத. சம்பந்திங்க வர்ற நேரத்துல இங்க இருக்கவும் வேண்டாம். விடிஞ்சதும் உங்க அப்பா வீட்டுக்குப் போ.”

“எப்ப திரும்பி வரட்டும், மாமா?”

“அத உம் புருஷன் வந்து முடிவு பண்ணட்டும்.”

ரஷ்யாவில், கசானில் வேலை பார்க்கும் அப்பா வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. பதினாறு வருஷமாக இந்த வீட்டுக்கு மாவு பிசைந்த கையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அத்தை எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நான் எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“ரொட்டி மேல கைய வை. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“உன்னைத் துரத்துறாங்கம்மா...”

“உங்க அத்தைக்கு இதுக்கு மேல வேற இடம் வராதுடி. வை கைய.”

வைத்தேன். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

இப்போது அம்மாவின் மூட்டை கதவோரம் இருக்கிறது. விடிந்தால் அம்மாவோடு பிறந்த மாமா வண்டியோடு வந்துவிடுவார். கோட்டை மட்டும் அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. அது இருந்த இடத்திலேயே தொங்குகிறது.

“உங்க அத்தை போட்டுக்கட்டும். சனிக்கிழமை குளிரும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது. அடுத்த அறையில் தாத்தா இருமுகிறார். அவரும் தூங்கவில்லை. கதவைத் தட்டினால் போதும்.

ரொட்டியை மிதித்தவள் யாரென்று சொல்வதற்காக, ரொட்டியைத் தொட்டுச் செய்த சத்தியத்தை நான் மீறினால், நானும் அதை மிதித்தவள்தானா?