முன்பல்லுக்கு ஏற்ற நிறம்

"கொஞ்சம் சிரிங்க..."

"சிரிக்கத்தாங்க பல்லே இல்ல!"

சொன்னவள் சிரித்தேவிட்டாள். மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதியோடு முறிந்திருந்தது. நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களைக் கையில் பிடித்தபடி அவன் அந்த முகத்தையே பார்த்தான். மழை நனைத்த நெற்றி... குறும்பு வழியும் பெரிய கண்கள்...

அவனுக்கு அவளைத் தெரியும். அவளுக்குத்தான் அவனைத் தெரியாது.

மாடியில் பல் டாக்டர். கீழே, செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் அவன். வரவேற்பில் இருக்கும் அக்கா அவனைப் 'பல்லழகர்' என்றுதான் கூப்பிடுவார்.

"எப்படி உடைஞ்சது?" வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டான்.

"எனக்கு வலிப்பு உண்டுங்க. பத்து நாள் முன்னாடி, மழைக்கு ஒரு காபிக் கடையில ஒதுங்கினேன்... விழுந்துட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் வாயில ஸ்பூனைத் திணிச்சிட்டார்."

அந்தப் புண்ணியவானுக்கு வியர்த்தது.

"வைக்கலேன்னா... நாக்கை முழுங்கிடுவாங்கன்னு சொல்றாங்களே?"

"எங்கே, நீங்க முழுங்கிக் காட்டுங்க பார்ப்போம்!" பிறகு அவள் குரல் தணிந்தது. "ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ ஒரு துணியை மடிச்சு வச்சாப் போதும். கை காலை அமுக்கக் கூடாது, வாயில எதுவுமே வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுக் கூடவே இருக்கணும். பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். என் ஒண்ணாங்கிளாஸ் வாண்டுகளுக்கே இது தெரியும்."

ஓர் உயிரைக் காப்பாற்றியதாக நண்பர்களிடம் அவன் எவ்வளவு பெருமையடித்திருந்தான்! 'செய்ய வேண்டியது இவ்வளவு சுலபமா? சொல்லிடுடா... இப்பவே சொல்லிடு...' மனசு அடித்துக்கொண்டது. அவனோ மாதிரிப் பல்லை மறுபடி அவள் உதட்டோரம் பிடித்தான்.

"என் வகுப்புல பதினோரு பேருக்கு முன்பல் விழுந்திருக்கு. பன்னிரண்டாவது ஆள் நான்" என்றாள். "சீக்கிரம் கட்டிக் கொடுங்க சார், மானம் போகுது."

"நிறம் சரியா அமையல டீச்சர்... அடுத்த சனிக்கிழமை வர முடியுமா?"

பச்சைப் பொய். நிறம் முதல் பார்வையிலேயே அமைந்திருந்தது.

மூன்று சனிக்கிழமைகள் வந்தாள். மூன்று தடவையும் அவன் எதிரே உட்கார்ந்து, அவன் பார்க்கப் பார்க்கச் சிவந்தாள். "பல்லைப் பாருங்க சார், கண்ணை இல்ல" என்று ஒருநாள் அதட்டக்கூடச் செய்தாள். நிச்சயம் வரை வந்த ஒருவன், அவளுடைய மாத்திரை டப்பாவைப் பார்த்ததும் காணாமல் போன கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஆள்மேல் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது... கோபப்பட நான் யார் என்ற வெட்கமும் கூடவே வந்தது.

நாலாவது வாரம் டாக்டர் பல்லைப் பொருத்தி அனுப்பினார். அவள் படியிறங்கி வந்து, வாய் நிறையச் சிரித்துக் காட்டினாள். எது சொந்தம், எது அவன் செய்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ் சார். கைராசிக்காரர் நீங்க..."

கைராசி! அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"டீச்சர்... அதை உடைச்சதும் நான்தான்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"காபிக் கடையில... ஸ்பூன் வச்சது நான். நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

வெளியே மழை இரைந்தது. அவள் புதுப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியாம செஞ்சீங்க, அது பரவாயில்ல. பயத்துல யாரும் செய்றதுதான்" என்றாள் கடைசியில். "ஆனா இத்தனை வாரமா தெரிஞ்சே சும்மா இருந்தீங்களே... நானும் இங்க உட்கார்ந்து கதையா அளந்தேனே..."

"உங்களைப் பிடிச்சுப் போச்சு. சொன்னா அப்புறம் வரவே மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பாமலே நின்றாள்.

"எனக்கு வலிப்புன்னு தெரிஞ்சும் நீங்க ஓடிப் போகல. அதனாலேயே எனக்கும் உங்களைப் பிடிச்சது..."

"டீச்சர்..."

"அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்தாள்.