சாயங்காலமே வந்த துபாய் மாப்பிள்ளை

“மாமா...! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா...!”

திருமானூரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறிக்கொண்டு, காசிநாதனின் பிணத்தின்மேல் விழுந்தான் பாலசுந்தரம்.

துபாய் மாப்பிள்ளை! சஃபாரி சூட், கூலிங் கிளாஸ், தெருவுக்கே வீசுகிற சென்ட்.

சப் இன்ஸ்பெக்டர் ராசாங்கத்துக்கு அந்த வாடையிலேயே தலை வலித்தது.

பம்ப்செட் கொட்டகையில் கழுத்து நெரிபட்டுக் கிடந்த காசிநாதனை, இன்று காலை ஆறு மணிக்கு முதலில் பார்த்தவன் பண்ணையாள் அரியமுத்து. அரியலூர் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, உடல் வீடு வந்தபோது மணி மூன்று.

மாப்பிள்ளை வந்தபோது நாலு!

“பிளேனாச்சே! என்னா வேகம் பாருங்க...!” வாயைப் பிளந்தது கூட்டம்.

ராசாங்கம் பிளக்கவில்லை. மாப்பிள்ளையைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“தந்தி எப்ப கெடச்சுது?”

“காலையில எட்டு மணிக்கு சார். ஒடனே பிளேன் ஏறிட்டேன்.”

“எம் மச்சானும் அங்கதான் இருக்கான். துபாய்லேருந்து பம்பாய் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், மூணு மணி நேரம். கஸ்டம்ஸ்ல நின்னு, பிளேன் மாறி, மெட்ராஸ் வர இன்னும் ஆறு மணி. அங்கேருந்து இங்க பஸ்ஸுல ஏழு. நடுராத்திரி வரவேண்டியவன் நாலு மணிக்கே பவுடர் கலையாம நிக்கிறே! பிளேன் நேரா வாய்க்கால்ல எறங்குச்சா?”

“சார்... காத்து பின்னாலேருந்து அடிச்சுது...”

“நானும் பின்னாலேருந்துதான்டா அடிப்பேன்!”

கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாள் நிற்கும். இவன் புளுகு எட்டு மணி நேரம்கூட நிற்கவில்லை!

“நேத்தே வந்து மாமனாரைத் தீர்த்துட்டு, இன்னிக்கு வேஷம் கட்டுறியா? தூக்குடா உனக்கு!”

பாலசுந்தரம் கூலிங் கிளாஸைக் கழற்றினான். உயிரா, மானமா...? உயிர்தான் ஜெயித்தது.

“துபாயும் இல்ல, பிளேனும் இல்ல சார்... திருச்சியில ஒரு ஓட்டல்ல மாவாட்டுறேன். நாலு வருஷமா! நேத்து பூரா அங்கதான் இருந்தேன். சரக்கு மாஸ்டரைக் கேளுங்க.”

“தூ...! இது மாமனாருக்குத் தெரியுமா?”

“போன வாரம் டிபன் சாப்பிட வந்தவரு பார்த்துட்டாரு சார். ஊரைக் கூட்டிச் சொல்றேன்னு குதிச்சாரு.”

“அப்ப, சாவு சேதி யாரு சொன்னா?”

“எம் பொண்டாட்டி உண்ணாமலைதான். ஓட்டலுக்கு போன் பண்ணா. அப்பா போயிட்டாரு, ஒடனே ஓடி வராதே... துபாய்லேருந்து வர்ற மாதிரி நாளைக்கு சாயங்காலமா வான்னா.”

“நாளைக்கா...? எப்ப பண்ணா?”

“நேத்து ராத்திரி, கடை மூடுற நேரம்...”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஊர் பிணத்தைப் பார்த்ததே இன்று காலையில்!

ராசாங்கம் கூடத்துக்குள் நுழைந்தார். பின்னால் பேயறைந்தவனாய் வந்த புருஷனைப் பார்த்ததும் உண்ணாமலையின் ஒப்பாரி நின்றது.

“ஒளறிட்டியா? மாவாட்டத்தான் நீ லாயக்கு!” காறித் துப்பினாள். “ஆமா சார், நான்தான்! துபாய்க்காரின்னு தெருவே எனக்கு வழி விட்டுச்சு. அப்பா வாயைத் தொறந்தா, மாவாட்டி பொண்டாட்டின்னு சிரிச்சிருக்கும். துண்டைப் போட்டு இறுக்கிட்டேன்... பிளேனுக்கு ஒரு பகல் போதும்னு நெனச்சேனே, பாவி!”

பெற்ற அப்பன்! ராசாங்கம் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போதும் அவள் கவலை தீரவில்லை.

“ஜெயிலுன்னு மட்டும் வெளியூர்ல தெரியவேணாம் சார்... மானம் போயிடும்.”

“கவலைப்படாதம்மா. யாராச்சும் கேட்டா, நீ துபாய் போயிருக்கேன்னு சொல்லிடறோம்... பதினாலு வருஷ கான்ட்ராக்ட்ல!”