காதில் விழாத மாதிரி

சைனைட் மேட்டுச் சரிவில் பெடலை மிதிக்காமல் சைக்கிளை அதன் போக்கில் உருளவிட்டபோதுதான் டென்னிஸுக்கு அந்தச் சத்தம் கேட்டது. காற்று இறங்கிய டயர் மண்ணில் அடித்துக்கொண்டே வருகிற சத்தம். தப்... தப்... தப்... அவசரமே இல்லாமல், அவன் முதுகுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

பிரேக்கைப் பிடித்தான். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தான். மூடிப்போன தங்கச் சுரங்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அரைத்து, சைனைடில் தங்கம் பிரித்துக் கொட்டிய சாம்பல் நிற மண், குன்று குன்றாகச் சாயங்கால வெளிச்சத்தில் கிடந்தது. அந்தச் சரிவில் இரண்டு சைக்கிள் தடங்கள் இறங்கி வந்திருந்தன. ஒன்று அவனுடையது. மற்றது முன்னால் போய்விட்ட மனோகருடையது. வேறு தடம் இல்லை. குனிந்து தன் டயர்களை அழுத்திப் பார்த்தான். இரண்டும் கல் மாதிரி இருந்தன.

கூட வந்திருக்க வேண்டிய இன்னொருவன் கிறிஸ்டோ. அவன் எங்கே நின்றுவிட்டான் என்று டென்னிஸுக்குத் தெரியும். ஏன் நின்றான் என்பதும் தெரியும்.

விடியற்காலையில் ஊரிகம் ஸ்டேஷன் முன்னால் மூவரும் கிளம்பியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேத்தமங்கலா ஏரிக்கரை, அதைத் தாண்டி ராகிக் கொல்லைகள், அதற்கும் அப்பால் தார் ரோடே இல்லாத பாறைக் குன்றுகள், தைலமரத் தோப்புகள் என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். டென்னிஸும் மனோகரும் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை செய்து வருகிறவர்கள். கியர் வைத்த புது சைக்கிள் வாங்கிய பிறகு டென்னிஸுக்கு இதுதான் முதல் நீண்ட சவாரி. கிறிஸ்டோ ராபர்ட்சன்பேட்டையில் வீடு வீடாகக் கூரியர் கொடுக்கிறவன். அவனுடையது பழைய சைக்கிள், கிழிந்து தைத்த சீட்டு. ஆனால் தொடை இரண்டும் இரும்பு. ஒவ்வொரு ஏற்றத்திலும் முதலில் ஏறி நின்று சிரித்தான்.

“இன்னாடா டென்னிஸ், ட்ரெய்ன்ல ஒக்காந்து ஒக்காந்து காலு செத்துப்போச்சா?”

மதியம், செங்குத்தான ஒரு பாறை வழியில் டென்னிஸ் மூச்சு வாங்கி, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மேலே நின்ற கிறிஸ்டோ அதைப் போனில் வீடியோ எடுத்துச் சர்ச் யூத் குரூப்பில் போட்டுவிட்டான். அதன்பின் சிக்னல் கிடைத்த இடமெல்லாம் டென்னிஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வும் யாரோ ஒருவருடைய சிரிப்பு. டென்னிஸ் மனதுக்குள் வைத்திருந்த எலைனும் சிரித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு அவன் கிறிஸ்டோவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் வழியில், மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கத்துக்குப் பின்புறம், முள் மண்டிய ஒற்றையடிப் பாதையில் கிறிஸ்டோவின் பின்சக்கரம் பஞ்சரானது. மனோகர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டிருந்தான். பம்ப்பும் ஒட்டுப்போடும் சாமானும் டென்னிஸின் பையில் இருந்தன.

“டேய் டென்னிஸ்! நில்லுடா! பம்பு உன்னாண்டதான கீது!”

கேட்டது. நன்றாகவே கேட்டது. டென்னிஸ் தலையைத் திருப்பவில்லை. கொஞ்ச தூரம் இவனும் தள்ளிக்கொண்டு வரட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான்.

“வெளையாடாதடா! இரு, ஷாஃப்ட் பக்கமா குறுக்கால வந்து புடிக்கிறேன் உன்ன!”

அதுவும் கேட்டது. அந்தக் குறுக்குவழி, சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும், கைவிடப்பட்ட பழைய ஷாஃப்ட் ஒன்றை ஒட்டிப் போகிறது. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து, உண்ணிச்செடி மூடி, காலடியில் வரும்வரை குழி கண்ணுக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா, கிறிஸ்டோ பார்த்து வருவான். அப்படிச் சொல்லிக்கொண்டே டென்னிஸ் கியரை மாற்றி வேகமாக மிதித்தான்.

இப்போது மேட்டடியில் மனோகர் சைக்கிள் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“ஏன்டா டென்னிஸ், இவ்ளோ லேட்டு? கிறிஸ்டோ எங்க?”

“மெயின் ரோட்டாலயே போறேன்னான். எதோ வேல இருக்குதாம்.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

“சொல்லவே இல்ல என்னாண்ட?” மனோகர் கண்ணைச் சுருக்கி அவன் தோளுக்கு மேலே பார்த்தான். “அப்போ அந்த மேட்டு மேல சைக்கிள புடிச்சிகினு நிக்கிறது யாரு?”

டென்னிஸ் திரும்பவில்லை. கழுத்து வலிக்கிற அளவுக்குத் திரும்பாமல் நின்றான்.

“யாராவது ஆடு மேய்க்கிறவங்க இருப்பாங்க. நீ கெளம்பு. காலைல ட்ரெய்ன்ல பாக்கலாம்.”

மனோகர் ராபர்ட்சன்பேட்டை பக்கம் திரும்பிப் போனான். டென்னிஸ் ஊரிகம் ரோட்டில் தனியாக மிதித்தான். இருபுறமும் கூரை இழந்த பழைய சுரங்கக் கட்டடங்கள். சூரியன் இறங்கிவிட்டிருந்தது. வானத்தில் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. தூரத்துச் சர்ச்சிலிருந்து யாரோ பாட்டுப் பயிற்சி செய்வது காற்றில் வந்து வந்து போயிற்று. அந்தப் பாட்டுக்கு அடியில், தார் ரோட்டில், மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை ஈரமாக இருந்தது. சப்... சப்... சப்...

கூடவே ஒரு வாடையும் வந்தது. துருப்பிடித்த இரும்பு, ஊறின மரம், வெகுகாலம் வெயில் படாத தண்ணீர். அவன் வேகமாக மிதித்தான். சத்தம் வேகமாகவில்லை. ஆனால் நெருங்கியது. பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. டென்னிஸ் ரோட்டோரம் நின்று, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அது அவன் தோளை உரசுகிற மாதிரி கடந்து, முன்னால் போயிற்று. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளின் பக்கம். கிறிஸ்டோவின் வீடும் அங்கேதான்.

கண்ணைத் திறந்தபோது ரோட்டில் யாரும் இல்லை. மழை பார்த்து இரண்டு மாதம் ஆன அந்தத் தாரில் ஒரு ஈரக்கோடு மட்டும் நீண்டு போயிருந்தது.

அதற்கு மேல் அவனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. சைக்கிளைத் திருப்பினான். வந்த வழியே ஏறினான். ஏறும்போது கிறிஸ்டோவின் நம்பரை அழைத்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. நான் நின்றிருந்தால் கொஞ்ச நேர வேலை. ஒட்டுப் போட்டு, காற்றடித்து, கெட்ட வார்த்தை நாலு பேசிச் சிரித்திருப்போம்.

ஷாஃப்ட் அருகே உண்ணிச்செடிகள் கசங்கிக் கிடந்தன. இடிந்த சுவரின் விளிம்பில் கிறிஸ்டோவின் சைக்கிள் படுத்திருந்தது. பின்டயர் சப்பையாக ஒட்டியிருந்தது. அதற்கு அப்பால் புது மண் சரிந்து, கருப்பாக ஒரு வாய்.

டென்னிஸ் முழந்தாளிட்டான். போன் வெளிச்சத்தைக் காட்டினான். வெளிச்சம் கொஞ்ச தூரம் இறங்கிக் கரைந்துபோயிற்று.

“கிறிஸ்டோ!”

அடியிலிருந்து தண்ணீர் தளும்பியது. பிறகு குரல். மெல்லியதாக, எங்கோ தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து வருவது போல.

“டென்னிஸ்... வந்துட்டியா... காலு ஒடஞ்சிச்சிடா... பைப்ப புடிச்சிகினு கீறேன்...”

“இருடா! இரு! ஆளக் கூப்புடறேன்!”

எண்களைத் தேடும்போதே போன் அலறியது. கிறிஸ்டோவின் அம்மா லூயிசா.

“ஆன்ட்டி...” என்றான் டென்னிஸ்.

“கண்ணு, எங்க இருக்கீங்க நீங்கல்லாம்?” லூயிசாவின் குரலில் கோபமும் நிம்மதியும் கலந்திருந்தன. “கிறிஸ்டோ இப்பதான் வந்தான். தொப்பலா நனஞ்சிகினு வந்து ஒக்காந்துகினு கீறான். இன்னாடா ஆச்சின்னா வாயே தொறக்க மாட்டன்றான். எங்க வுழுந்தீங்க? ஏரிலியா?”

டென்னிஸ் குழியைப் பார்த்தான்.

“நல்லா... நல்லா பாத்தீங்களா ஆன்ட்டி? கிறிஸ்டோதானா?”

“எம்புள்ளய எனக்குத் தெரியாதாப்பா? இதோ தல தொவட்டிகினு கீறேன். நீ வா மொதல்ல.”

கீழே, தண்ணீர் மறுபடி தளும்பியது.

“யார்றா அது... அம்மாவா... சொல்லுடா அம்மாகிட்ட...”

கிறிஸ்டோ வீட்டில் இருக்கிறான். அம்மா பார்த்துவிட்டாள். தலை துவட்டுகிறாள். சைக்கிளை இங்கே போட்டுவிட்டு நடந்து போயிருக்கிறான். நான் ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய ஷாஃப்ட். மூடிய சுரங்கம். அதில் என்னென்னவோ கேட்கும். எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அது கிறிஸ்டோ இல்லை.

அது கிறிஸ்டோ இல்லை.

“டென்னிஸ்... போவாதடா... தண்ணி ஏறுது...”

அவன் எழுந்தான். சைக்கிளில் ஏறினான். மிதித்தான். குரல் பின்னாலேயே வந்தது. காதில் விழாத மாதிரி மிதித்தான்.

லைன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில், சாப்பாட்டு மேசை முன்னால், கிறிஸ்டோ வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அதே மஞ்சள் டீஷர்ட், முதுகோடு ஒட்டியிருந்தது. லூயிசா பின்னால் நின்று துண்டால் அவன் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாள், பக்கத்து வாளியில் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். வாளி பாதி நிறைந்திருந்தது. சாம்பல் நிறத் தண்ணீர்.

டென்னிஸுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்றுதான் முதலில் நினைத்தான்.

“டேய்... சாரிடா. எனக்குக் கேட்டுச்சுடா நீ கூப்டது. சாரி.”

கிறிஸ்டோ மெல்லத் திரும்பினான். அவன் முகம்தான். உதட்டோரத் தழும்புகூட இருந்தது. ஆனால் கண்ணில் பார்வை இல்லை. வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது. இருமல் இல்லை. ஓங்கரிப்பு இல்லை. திறந்துவிட்ட குழாய் போல, மோவாய் வழியாக, மார்பு வழியாக, மேசை மேல். அந்த வாடை.

“பாருப்பா, எவ்ளோ குடிச்சிகீறான்னு,” என்றாள் லூயிசா. புடவைத் தலைப்பால் அவன் மோவாயைத் துடைத்தாள். “ஏன் அங்கியே நிக்கிற? ஒக்காரு.”

கிறிஸ்டோவின் கைகள் மேலே எழும்பின. எதிரே ஒன்றுமில்லை. வெறும் காற்று. அந்தக் காற்றை விரல்கள் பிறாண்டின. நகங்கள் பிய்ந்திருந்தன. இல்லாத ஒரு சுவரைப் பற்றி ஏறின. வழுக்கின. மறுபடி ஏறின. வழுக்கின.

டென்னிஸுக்குப் புரிந்தது: இப்போது ஷாஃப்டுக்குள் நடப்பது இது. கதவுப் பக்கம் திரும்ப நினைத்தான். ஓட வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். கயிறு. ஆட்கள். கால் அசையவில்லை.

கைகள் மெதுவாயின.

இன்னும் மெதுவாக.

ஒருமுறை.

பிறகு கிறிஸ்டோவின் விரல்கள் விரிந்தபடியே மேசை மேல் இறங்கின. வாயிலிருந்து தண்ணீர் வருவதும் நின்றது. சிறிய குமிழி ஒன்று உதட்டில் வந்து உடைந்தது.

லூயிசா அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடு வரத் தேய்த்தாள். டென்னிஸை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“அப்பாடா,” என்றாள். “இப்பதான் நடுக்கம் நின்னுது.”