பெயர் சொல்லக் கூடாத சரக்கு

மாலைக் கதிரவன் மேலைக் கடலில் செங்குழம்பாகக் கரைந்துகொண்டிருக்க, கீழ்த்திசையில் அடர்ந்த மலைக்காடுகளுக்கு மேலே முழுமதி எழும்பிக்கொண்டிருந்தது. சாவகத் தீவின் மேற்குக் கரையில், மாதங்கத்துறை என்னும் பட்டினத்தின் கழிமுகத்தில், சோழ நாட்டு வணிகக் கலங்கள் சில நங்கூரம் பாய்ச்சி நின்றன. இரு கரைகளிலும் நீருக்குள் காலூன்றி நின்ற மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக அமர்ந்து, ஒரே மூச்சில் ஒளிர்வதும் ஒரே மூச்சில் அணைவதுமாக இருந்த காட்சி, விண்மீன்களே ஆற்றங்கரைக்கு இறங்கி வந்துவிட்டனவோ என்று எண்ணத் தூண்டியது. ஆயினும், வாசகர்களே, கலங்களில் நின்றவர்களின் கண்கள் அந்த எழிலில் லயிக்கவில்லை. சற்றுத் தொலைவில் நீர்ப்பரப்பைப் பிளந்துகொண்டு கருகிய பாய்மரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு இதே துறைக்கு வந்த தமிழ்க் கலத்தின் எச்சம் அது. அக்கலத்தின் தலைவர் அரசமண்டபத்துக்கு விலை பேசப் போனார், திரும்பி வரவில்லை. அவரை ஏன் கொன்றார்கள் என்பது தப்பிப் பிழைத்த மாலுமிகளுக்கும் விளங்கவில்லை.

சீனத்திலும் அராபியத்திலும் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட கற்பூரம் அந்நாளில் இக்காடுகளில்தான் விளைந்தது. அந்த வாணிகத்தைக் கைவிடத் தமிழ் வணிகக் குழுவுக்கு மனமில்லை. மீண்டும் ஒருவரை அனுப்பத் தீர்மானித்தபோது, பலரும் தயங்கிய சபையில் முன்வந்து நின்றவன் இளநாகன் என்னும் இளம் வணிகன்.

அவனை அழைத்துச் செல்லப் படகில் வந்தவன் பொற்றாமன். தமிழ்நாட்டில் பிறந்து, இத்துறையில் நெடுங்காலமாகத் துபாஷியாக இருப்பவன்.

"ஐயா, இவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசினால் சந்தேகப்படுவார்கள்" என்றான் பொற்றாமன், தேன் ஒழுகும் குரலில். "எந்தச் சரக்கை வாங்க வந்தீர்களோ, அதன் பெயரை எடுத்த எடுப்பில் ஓங்கிச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

இளநாகன் தலையசைத்துவிட்டுப் படகில் இறங்கினான்.

உயர்ந்த மரத்தூண்களின்மீது ஆற்றை நோக்கி நின்ற அரசமண்டபத்தில், குங்கிலியப் பந்தங்கள் புகைந்துகொண்டிருந்தன. உயர்ந்த ஆசனத்தில் நரைத்த புருவங்களுடன் ஒரு முதியவர் வீற்றிருந்தார். அவருக்கு வலப்புறம் படைத்தலைவன் நின்றான். சுவரோரம் நின்ற வேல்வீரர்கள் அனைவரும் அவனுடைய கண்ணசைவுக்கே காத்திருந்ததாகத் தோன்றியது. ஆசனத்தின் கீழே, முகத்திரை அணிந்த பெண்ணொருத்தி செம்பட்டு ஒன்றை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

அந்தப் பட்டைக் கண்டதும் இளநாகனுக்குச் சற்றே தைரியம் பிறந்தது. துணிக்குக் கீழே கைகளைக் கோத்து, விரல்களைப் பற்றியும் அழுத்தியும் விலை பேசும் வழக்கம் கடலோரப் பட்டினங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அவன் அவளெதிரே அமர்ந்து வலக்கையைப் பட்டின் கீழ் நீட்டினான்.

"எங்கள் வணிகப் பெருமக்கள் தங்களுக்கு வணக்கம் சொல்லியனுப்பினர். பழைய கசப்பை மறந்து நட்பை நாடி வந்திருக்கிறேன்" என்றான்.

பொற்றாமன் அதை மொழிபெயர்த்தான். அடுத்த கணம் வீரர்களின் முகங்கள் இறுகின. படைத்தலைவனின் உதட்டில் புன்னகை நெளிந்தது. தான் சொன்னது ஒன்று, இவர்கள் கேட்டது வேறொன்று என்பது இளநாகனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் மீண்டும் வாய் திறந்தான். "நான் வாங்க வந்தது..."

பட்டின் கீழிருந்த கை அவன் மணிக்கட்டை இரும்பாய் இறுக்கியது. பிறகு ஒரு விரல்நுனி அவன் உள்ளங்கையில் நகரத் தொடங்கியது. அது விலை பேசும் குறி அன்று. தமிழ் எழுத்து! ஒவ்வோர் எழுத்தாக அவன் படித்தான்: 'பெயர் சொல்லாதே. சொன்னால் சாவு.' சற்றுப் பொறுத்து மேலும் இரு சொற்கள்: 'காலம் கடத்து.'

கற்பூரம் தேடுவோர் காட்டுக்குள் சென்றிருக்கும் பருவத்தில் அதன் பெயரை எவரும் உச்சரிக்கலாகாது என்பது அந்நாட்டாரின் கட்டுப்பாடு. உச்சரித்தால் மரம் தன் வெண்செல்வத்தை ஒளித்துக்கொள்ளும், காட்டுக்குப் போனவர்கள் வீடு திரும்பமாட்டார்கள் என்று அவர்கள் அஞ்சினர். அயலானாயினும் அச்சொல்லைச் சொன்னவனுக்குத் தண்டனை வேல்முனைதான். இவை எதுவும் இளநாகனுக்குத் தெரியாது. ஆனால் நடுங்காமல் எழுதிய அந்த விரலை அவன் நம்பினான்.

விரல்களால் குறைத்தும் கூட்டியும் பேரத்தை நீட்டினான். வார்த்தைகள் நஞ்சாக மாற்றப்படுகின்றன. உடம்பின் மொழியையுமா மாற்றிவிட முடியும்? இடக்கையால் இடைக்கச்சிலிருந்த குறுவாளை உருவி, பிடி முதியவரை நோக்கும்படி தரையில் வைத்து, நெற்றி பலகையில் படும்வரை வணங்கினான். "தங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்" என்றான் மெல்ல.

"சரக்கைத் தராவிட்டால் ஊரைக் கொளுத்துவானாம்" என்று பெயர்த்தான் பொற்றாமன்.

முதியவரின் நரைத்த புருவங்கள் உயர்ந்தன. "வாளைக் காலடியில் வைத்துத் தலை வணங்குகிறவனா ஊரைக் கொளுத்துவேன் என்கிறான்? நீ சரியாகத்தான் கேட்டாயா?"

பொற்றாமனின் நெற்றி வியர்த்தது. இளநாகன் பக்கம் குனிந்து, "பெயரைச் சொல்லுங்கள் ஐயா! பெரியவர் பொறுமையிழக்கிறார். என்ன சரக்கு, சீக்கிரம்!" என்று பதறினான்.

"காடு மனமுவந்து எதைக் கொடுக்கிறதோ, அதைப் பெற்றுச் செல்ல வந்தேன் என்று சொல்லும்."

படைத்தலைவன் பொற்றாமனைச் சுட்டெரிப்பதுபோல் நோக்கினான். அந்தப் பார்வையில் நிதானமிழந்த துபாஷி, கையை நீட்டிக் கூவினான்: "கேட்டீர்களா? கற்பூரம் வேண்டுமாம் இவனுக்கு! கற்பூரம் என்று சொல்லிவிட்டான்!"

மண்டபம் உறைந்தது. இரு மொழிகளிலும் அச்சொல்லின் ஓசை ஏறக்குறைய ஒன்றே. அது இளநாகன் வாயிலிருந்து வரவில்லை என்பதை அங்கிருந்த அத்தனை காதுகளும் அறிந்திருந்தன. வேல்முனைகள் மெல்லத் திரும்பி, துபாஷியை நோக்கி நின்றன.

சூழ்ச்சி உடைந்ததென்று கண்ட படைத்தலைவன் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். துபாஷியின்மீதோ இளநாகன்மீதோ அன்று, முகத்திரை அணிந்த அப்பெண்ணின்மீது! இளநாகன் செம்பட்டை வாரி இடக்கையில் சுருட்டி, இறங்கிய வாளை அதனால் தாங்கினான். பட்டு கிழிந்தது, தசையும் கிழிந்தது. அவன் பிடியை விடவில்லை. அதே வேளையில் ஆற்றில் சங்குகள் முழங்கின. மேலாற்றிலிருந்து விரைந்து வந்த படகுவீரர்கள் மண்டபத்துக்குள் புகுந்து படைத்தலைவனை மடக்கினர். குழப்பத்தினிடையே பொற்றாமன் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆற்றில் குதித்தான். நீர் அவனை விழுங்கிக்கொண்டது.

முதியவர் ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து, அப்பெண்ணின் முன் மண்டியிட்டார்.

அவள் திரையை விலக்கினாள். "வணிகரே, இவர் என் அமைச்சர். நான் தாரவதி, இத்துறையின் அரசி" என்றாள் தமிழில். "இங்கே வாழ்ந்து மறைந்த உம் நாட்டு மாது ஒருவர் எனக்கு எழுத்தறிவித்தார். உம்மவர்களை விரட்டிவிட்டு, சரக்கைக் களவாக வேறு கலங்களுக்கு விற்று வந்தார்கள் படைத்தலைவனும் துபாஷியும். என் வீரர்கள் வந்து சேரும்வரை உம்மை ஆபத்தில் உட்கார்த்தி வைத்தேன். பொறுத்தருள வேண்டும்."

இளநாகனின் கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. "சென்ற ஆண்டு வந்தவரைக் கொல்ல ஆணையிட்டது யார்?"

"நான்தான். அவர் அச்சொல்லைச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இழுத்துச் செல்லும்போது துபாஷியைப் பார்த்து, 'நீர் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்' என்று அவர் அலறினார். அதன் பொருள் எனக்கு உறைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால்தான் இவ்வாண்டு நானே பட்டின் முன் வந்து அமர்ந்தேன்."

"அவர் என் தமையனார்" என்றான் இளநாகன்.

அவன் குனிந்து குறுவாளை எடுத்தான். வீரர்கள் பதறி முன்வந்தனர். அரசி கையசைத்து அவர்களை நிறுத்திவிட்டு, ஓரடி முன்னே வந்து நின்றாள். பந்தங்களின் வெளிச்சத்தில் குறுவாளின் அலகு மின்னியது.

"ஆணையிட்டவரைப் பழிதீர்ப்பேன் என்று அண்ணியாருக்கு வாக்களித்துவிட்டுக் கப்பலேறினேன்" என்றான். "ஆணை தங்களுடையது, அரசி. ஆனால் அவரைக் கொன்ற நாக்கு அவனுடையது. என் கலங்கள் சரக்கோடு போகட்டும். அவனை உயிரோடு பிடித்து இதே மண்டபத்தில் நிறுத்தும்வரை நான் தாய்மண்ணை மிதிக்கப்போவதில்லை. இது என் தமையனார்மீது ஆணை! தங்களை மன்னிக்க முடியுமா என்பதை அதற்குப் பிறகுதான் என்னால் எண்ணிப் பார்க்க இயலும்."

"அதுவரை காத்திருப்பேன்" என்றாள் அவள். "எங்கள் வழக்கங்களை எம்மவர் எடுத்துச் சொல்லாமல் இனி எந்த அயலாரும் இங்கே கரையேறமாட்டார். அது என் வாக்கு."

அவன் காயத்தைக் கட்டிக்கொண்டு படித்துறைக்கு இறங்கினான். தேடும் படகுகள் அங்கே தயாராக இருந்தன. துடுப்பு நீரைத் தொடும் வேளையில் மேலிருந்து அரசியின் குரல் கேட்டது.

"வணிகரே! உம் தமையனாரின் பெயர் என்ன? ஆணையிட்ட நாளில் நான் அதைக் கேட்கக்கூட இல்லை."

"எழுவன்."

"எலுவன்" என்றாள். ழகரம் அவள் நாவில் வழுக்கியது.

இளநாகன் படகோட்டியின் தோளைத் தொட்டு நிறுத்தினான். "எழுவன்" என்று நிறுத்தி, தெளிவாகச் சொன்னான்.

அவள் மீண்டும் முயன்றாள். இம்முறை சரியாக வந்தது. படகு நகர்ந்தது.